ஏழு வயதில் உனக்கு அம்மை வரவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

நிவேதா எழுதுகிறேன். ஆனால் இது என் கடிதம் இல்லை, அம்மாவின் கடிதம். அம்மாவுக்கு வலது கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை, வெளிச்சமும் கூசுகிறது. அதனால் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், என்னைத் திட்டினால் அதையும் எழுதுவேன். அம்மா பேசுவதை மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறேன். மற்றவர்கள் பேசியதைப் பேசியபடியே விடுகிறேன். நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அடைப்புக்குறிக்குள் போடுவேன். இனி வரும் ‘நான்’ எல்லாம் அம்மா.

தீபா கண்ணு,

முதலில் நீ செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மீதியைப் படிக்காமல் போனாலும் இதைச் செய்துவிடு. நாளைக் காலை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போ. உன் பிரசவ டாக்டரிடம், அம்மாவுக்கு முகத்தில் அக்கி வந்தது, போன வியாழக்கிழமை அதை என் கையால் தொட்டேன், எனக்குச் சின்னம்மை வந்ததே இல்லை என்று சொல். அவர்கள் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். “எனக்குத்தான் ஏழு வயசுலயே வந்து போய்டுச்சே” என்று நீ சொல்வாய் என்று தெரியும். வரவில்லை கண்ணு. வந்ததாக நீ நம்புகிறாய், நிவேதா நம்புகிறாள், உங்கள் அப்பாவும் நம்புகிறார். நம்ப வைத்தவள் நான். இதைப் போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் உன் மாமியார் ஸ்பீக்கரில் போட்டு, “சம்மந்தி, கண்ணு எப்படிக்கீது?” என்று அன்பாகக் கேட்டார். நான் உங்கள் கணியம்பாடியில் மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாய்க்கு வராதது காகிதத்தில் வரும் என்றுதான் இப்போது நிவேதாவை உட்கார வைத்திருக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன வாரம் திங்கட்கிழமை காலையில்தான் கொப்புளங்கள் வந்தன. வலி அதற்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. வலது நெற்றியில் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்து எடுப்பதுபோல் இருந்தது. தலை சீவ முடியவில்லை, சீப்பு பட்டால் உயிர் போனது. நம் ஊரில் தோலில் என்ன வந்தாலும் முதலில் எதைச் சந்தேகப்படுவோம் என்று உனக்குத் தெரியும். ஷூ ஒட்டும் சொல்யூஷன் தெறித்திருக்கும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஷூ கம்பெனி மெடிக்கல் ரூமில் இருக்கும் பெண்ணும், “சொல்யூஷன்தாம்மா, போன மாசம் கட்டிங்ல ரெண்டு பேருக்கு இப்படித்தான் ஆச்சு” என்று ஒரு களிம்பைக் கொடுத்தாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் அதைப் பூசிக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். கொப்புளங்கள் கொத்துக் கொத்தாய்ப் புருவத்துக்கு இறங்கின. சொல்யூஷன் தெறித்தால் இப்படியா வரிசை பிடித்து இறங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

(எனக்குத் தோன்றியது. இது வைரஸாக இருக்கலாம் என்று செவ்வாய்க்கிழமையே சொன்னேன். “நீ மொதல்ல போய் படி” என்றார் அம்மா. எங்கள் அறிவியல் புத்தகத்தில் அந்தப் பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.)

செவ்வாய் மாலை பக்கத்து வீட்டுப் பர்வீன் பீடி இலை முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் இலை வெட்டுவதை நிறுத்திவிட்டாள். “இன்னாக்கா இது, ஒரு பக்கமாவே வந்துகீது? சொல்யூஷன் இன்னா பக்கம் பாத்தா தெறிக்கும்? இது அக்கி. பேஜார் பண்ணாத, ஆஸ்பத்திரிக்குப் போ” என்றாள். அக்கி என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. அக்கி என்றால் எழுத வேண்டும். என் தம்பிக்கு இடுப்பில் வந்தபோது எழுதித்தானே சரியானது? ஆகவே புதன்கிழமை விடிந்ததும், வெறும் வயிற்றோடு, பேரணாம்பட்டு ரோட்டில் பானை செய்யும் பெரியவரிடம் போனேன். அவர் காவியைக் குழைத்து, கோழி இறகால் என் நெற்றியில் சிங்க முகம் வரைந்தார். குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சியை நான் குணம் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று காலை எழுத வேண்டும் என்றார். மீதிக் காவியைக் கொட்டாங்கச்சியில் கொடுத்து, சாயந்திரம் காய்ந்தால் மேலே தடவிக்கொள்ளச் சொன்னார்.

வியாழக்கிழமை நீ வந்தாய். ஆறு மாத வயிற்றோடு இரண்டு பஸ் மாறி, கையில் நுங்கு வாங்கிக்கொண்டு வந்தாய். வாசலில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். “இன்னாம்மா, சிங்கத்துக்கு மூக்கு கோணலா கீது” என்றாய். எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. சாயந்திரம் காவி காய்ந்து வெடித்தது. நீயே கொட்டாங்கச்சியை எடுத்தாய். இறகு குத்துகிறது என்று நான் முனகியதும் இறகை வைத்துவிட்டு உன் விரலாலேயே தடவினாய். இரண்டு கொப்புளம் உடைந்து நீர் வந்தது. அதை உன் புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாய். பிறகு இடது கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாய். கல்யாணமான பிறகு நீ எனக்குக் கொடுத்த முதல் முத்தம் அது. போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கித் தண்ணீரிலிருந்து அம்மை ஒட்டும் என்று எனக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் உன்னை அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன், அதுவும் உண்மை.

வெள்ளிக்கிழமை மூன்றாம் எழுத்துக்குப் போனபோது பெரியவர் இறகைத் தொடவே இல்லை. என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “கண்ணு செவந்து போச்சும்மா. இனிமே இது என் கையில இல்ல. இன்னிக்கே வேலூருக்குப் போய்டு” என்றார். அவரைக் குறை சொல்லாதே. களிம்பு கொடுத்த மெடிக்கல் ரூமைவிட அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. நான்தான் வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட் இருக்கிறது என்று ஒரு நாளைத் தள்ளினேன். சனிக்கிழமை காலை கண் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நிவேதா கையைப் பிடித்துக்கொண்டு போனேன். தோல் டாக்டர் உன்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். ஈரப் பஞ்சால் காவியைத் துடைக்கவே கால் மணி நேரம் ஆனது. “யாரு வரஞ்சது? நல்லா வரஞ்சிருக்காரு. ஆனா இதுக்குக் கீழ இன்னா இருக்குன்னு எனக்குத் தெரியணுமே” என்று பேசிக்கொண்டே துடைத்தாள். ஒரு இடத்தில்கூட அழுத்தவில்லை. பிறகு நிவேதாவைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினாள். “பாரு, சரியா நடு நெத்தியில வந்து நின்னுடுச்சு. இந்தப் பக்கம் ஒண்ணுகூட தாண்டல. ஒரு நரம்பு போற வழியிலயே வந்திருக்கு. வேற எந்த நோவும் இப்படி கோடு போட்ட மாதிரி நிக்காது. மூக்கு நுனியில ஒரு கொப்புளம் தெரியுதா? அது இருந்தா கண்ண உடனே பாத்தாகணும்.”

(நான் கேட்டேன்: “டாக்டர், அம்மாவுக்கு இது யாருகிட்டேருந்து ஒட்டுச்சு?” அவர் சொன்னார்: “யாருகிட்டேருந்தும் இல்ல. உங்கம்மாவுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கும். போட்டது போகாது. நரம்புக்குள்ள போய் படுத்துக்கும். உடம்பு அசந்தா எழுந்து வரும். அப்படி வர்றதுதான் அக்கி.” சாமி கோபமா என்று அம்மா கேட்டார். “சாமிக்கு வேற வேல இல்லியா?” என்றார் டாக்டர்.)

பிறகு கண் டாக்டர் ஒரு மஞ்சள் மருந்தை விட்டு, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியில் கீறல் இருக்கிறதாம். வேளை தவறாமல் மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து. கொப்புளம் வந்து மூன்று நாளைக்குள் மாத்திரையைத் தொடங்கியிருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்றார். பார்வை மங்கலாகத்தான் இருக்கிறது. சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள், நானும் நினைக்கிறேன். என் கண்ணைப் பற்றி நீ அழக் கூடாது. அழ வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது, அங்கேயும் அழாதே, கோபப்படு.

மறுபடி தோல் டாக்டரிடம் வந்தபோது அவள் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே கேட்டாள். “வீட்ல கைக்கொழந்த, கர்ப்பிணி யாராச்சும் இருக்காங்களா? இதுலேருந்து அக்கி ஒட்டாது. ஆனா அம்மையே வராதவங்க இந்தத் தண்ணியத் தொட்டா அவங்களுக்குச் சின்னம்மை வரும். வயித்துல புள்ள இருக்கும்போது வந்தா தாய்க்கும் கஷ்டம், புள்ளைக்கும் கஷ்டம்.” உன்னைப் பற்றிச் சொன்னேன், வியாழக்கிழமை விரலால் தடவியதையும் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள். “அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கா? வந்திருந்தா பயமில்ல. வரலன்னா உடனே ரத்தம் பாக்கணும், எதிர்ப்பு இல்லன்னா பத்து நாளைக்குள்ள ஊசி போட்டாகணும்.” நான் வாயைத் திறப்பதற்குள் நிவேதா சொல்லிவிட்டாள்: “வந்திருக்கு டாக்டர். ஏழு வயசுல. வேப்பிலையில படுக்க வெச்ச கதையெல்லாம் அக்கா சொல்லியிருக்கா.” டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

தீபா, அந்தத் தலையாட்டல்தான் நான் என் வாழ்க்கையில் செய்த மிகக் கெட்ட காரியம். “அப்ப நல்லது” என்று அவள் பேனாவை எடுத்தாள். ஆம்பூர் பஸ்ஸில் வரும்போது நிவேதா ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்து, வெயில் படாமல் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு வந்தாள். நான் அவளிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். உனக்கு ஏழு வயது, நிவேதா பிறக்கவில்லை, அப்பா தோல் லாரியில் கான்பூர் போயிருந்தார். ஒன்பதாவதோடு நின்றவள் நான். புத்தகத்தைப் பார்த்தால் எனக்குப் பசி மாதிரி இருக்கும். யாருக்கும் தெரியாமல் பத்தாவது தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தேன். நீ தூங்கிய பிறகு படித்தேன். தேர்வு வந்தபோது பத்து நாள் லீவு வேண்டியிருந்தது. அப்போது எங்கள் லைன் சூப்பர்வைசர் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அன்றே அவர்களிடம் சொல்லிவிடுவார்: “கல்யாணம், சாவு, அம்மை. இந்த மூணுக்குத்தான் லீவு. நாலாவதா ஒண்ணு சொல்லிக்கினு என்கிட்ட வராதீங்க.” என்னிடம் கல்யாணம் இல்லை, சாவும் இல்லை. மூன்றாவதைச் சொன்னேன். அம்மை என்றதும் அவர் இரண்டடி பின்னால் போய், “போம்மா, போம்மா, தண்ணி ஊத்திட்டு வா” என்றார். அவ்வளவுதான்.

(இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அம்மா “எழுது” என்றார். எழுதினேன்.)

பொய் சொன்னால் அதற்கு வீடு கட்ட வேண்டும். எங்கள் தெருவிலேயே லைனில் வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதனால் வாசலில் வேப்பிலை செருகினேன். உன் முதுகில் நாலு வேர்க்குரு இருந்தது. அதைக் கண்ணாடியில் உனக்குக் காட்டி, “அம்மா வந்திருக்கா கண்ணு, வெளிய போவக் கூடாது” என்றேன். நீ கைகூப்பிக் கும்பிட்டாய். நான் பரீட்சைக்குப் போகும் நாட்களில் பர்வீன்தான் உன்னோடு உட்கார்ந்து பீடி சுற்றினாள். அவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும். உனக்கு அந்தப் பத்து நாளும் திருவிழா. தினம் இளநீர், வேப்பிலை மேல் வெள்ளைத் துணி, அடிக்க மாட்டார்கள், பள்ளிக்கூடம் இல்லை. பத்தாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அம்மன் கோயிலுக்குக் கூழ்கூட ஊற்றினேன், யாருக்காக என்று அம்மனுக்குத்தான் தெரியும். நீ அந்தக் கதையை எத்தனை பேரிடம் எவ்வளவு ஆசையாகச் சொல்லியிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

தேர்வு என்ன ஆனது என்று கேட்பாய். கணக்கில் போய்விட்டது. மற்ற நாலிலும் பாஸ். மறுபடி எழுத மறுபடி லீவு வேண்டும், மறுபடி உனக்கு அம்மை வராது. விட்டுவிட்டேன்.

(கணக்கில் எத்தனை மதிப்பெண் என்று கேட்டேன். அதை எழுத வேண்டாம் என்றார்.)

ஒரு தடவை உண்மையைச் சொல்லச் சந்தர்ப்பம் வந்தது. நீ எட்டாவது படிக்கும்போது உன் தோழிக்கு நிஜமாகவே அம்மை போட்டது. அவள் வீட்டிலேயே யாரும் கிட்டே போகவில்லை. நீ நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். “எனக்குத்தான் வந்து போய்டுச்சே, எனக்கு ஒண்ணும் ஆகாது” என்று பெருமையாகச் சொன்னாய். நான் வேறு வேறு காரணம் சொல்லித் தடுத்தேன், நிஜக் காரணத்தைச் சொல்லவில்லை. நீ போய் ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாய். அடுத்த மூன்று வாரம் தினமும் குளிப்பாட்டும் சாக்கில் உன் முதுகைப் பார்த்தேன். “எட்டாவது படிக்கிறேன், என்னை ஏம்மா குளிப்பாட்ற?” என்று சண்டை போட்டாய். உனக்கு ஒன்றும் வரவில்லை. அப்போதே உன் உடம்பு தெரியாமல் அதை வாங்கி ஜெயித்திருக்கலாம், அல்லது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். சனிக்கிழமையிலிருந்து நான் அந்த மூன்று வாரத்தைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். ஆனால் நம்புவது வேறு, ரத்தம் சொல்வது வேறு.

நேற்று பர்வீன் வந்தாள். அவளிடம் டாக்டர் கேட்டதைச் சொன்னேன், தலையாட்டியதையும் சொன்னேன். கையில் சுற்றிய பீடி அப்படியே நின்றது. “அன்னிக்கு நீ படிக்கணும்னு சொன்னே, நான் கூட நின்னேன். இன்னிக்கு நிக்க மாட்டேன்க்கா. நீ சொல்றியா, இல்ல நான் போன் போடட்டுமா?” என்றாள். அவள் அவ்வளவு கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு நாளும் வீண்தான், மன்னித்துக்கொள்.

வியாழக்கிழமையிலிருந்து இன்றோடு ஐந்து நாள் போய்விட்டது. பத்து நாளைக்குள் என்று டாக்டர் சொன்னதில் பாதியை நான் தின்றுவிட்டேன். மீதிப் பாதி இருக்கிறது. பயந்து படுத்துவிடாதே. ரத்தத்தில் எதிர்ப்பு இருந்தால் ஒன்றுமே இல்லை. இல்லாவிட்டாலும் ஊசி இருக்கிறது. காய்ச்சலோ ஒரே ஒரு கொப்புளமோ வந்தாலும் அன்றே ஓட வேண்டும், களிம்பும் வேண்டாம், காவியும் வேண்டாம். அங்கே போகும் முன் போன் செய்துவிட்டுப் போ. மற்ற கர்ப்பிணிகள் உட்காரும் இடத்தில் உன்னை உட்கார வைக்காமல் இருப்பார்கள்.

அடுத்த வெள்ளி உன் வளைகாப்பு. முதல் வளையல் நான் போட வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டி, வரலாம் என்று டாக்டர் சொன்னால் வருவேன். இல்லாவிட்டால் வர மாட்டேன். என்னால் அதைத் தள்ளி வைக்காதே. இந்தக் கடிதத்தை உன் மாமியாரிடம் மறைக்காதே, படித்துக் காட்டு. மாப்பிள்ளையிடமும் காட்டு. யார் கேட்டாலும் காட்டு. மறைத்தது போதும். உனக்குப் பிறக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததோ தடுப்பூசி போட்டதோ, நடந்ததை நடந்த நாளிலேயே ஒரு நோட்டில் எழுதி வை. அதைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். எழுதினது உண்மையாக இருந்தால் போதும். வேறு புத்தி சொல்ல எனக்கு இன்று தகுதி இல்லை.

உன் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். அந்த ஆசையை நம்பித்தான் இதைச் சொல்கிறேன். திட்டவாவது போன் பண்ணு.

உன் அம்மா.

அக்கா, இனி நான். ஆறு மணிக்கு எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்று போனில் காட்டியது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து நிமிடம் எதுவும் வரவில்லை. அம்மா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு நீ கூப்பிட்டாய், நான் ஸ்பீக்கரில் போட்டேன். அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும். இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதுவேன் என்று தொடக்கத்தில் சொல்லிவிட்டதால் அதையும் எழுதி வைக்கிறேன்.

எடுத்ததுமே நீ, “சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம்மா” என்றாய். அம்மா, “ஆமாம் கண்ணு” என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. “அவரு நாளைக்கு லீவு சொல்லிட்டாரு. டாக்டருக்கும் போன் பண்ணியாச்சு, எட்டு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க” என்றாய். அப்போது உன் மாமியார் போனை வாங்கி, “சம்மந்தி, அடுத்த வாட்டி பரிச்சைக்கு லீவு வேணும்னா நான் செத்துட்டேன்னு சொல்லிக்கோங்க. கொழந்தய இழுக்காதீங்க” என்றார். அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுபடி நீ வாங்கிக்கொண்டாய். “ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லணும். கணக்குல எவ்ளோ?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன்.

“இருபத்தெட்டு” என்றார்.

“அய்யோ! எட்டாவதுல நான் முப்பத்தொண்ணு வாங்கினேன்னு ரெண்டு நாள் எங்கூட பேசலியேம்மா நீ!”

அம்மா சிரித்துவிட்டார். சிரித்ததில் வலது கண்ணில் நீர் வந்து எரிந்தது. “வெளிச்சம் குத்துது, லைட்ட அணைடி” என்றார். போனை அம்மாவின் இடது காதில் வைத்துவிட்டு, நான் எழுந்து போய் லைட்டை அணைத்துவிட்டேன்.